சத்தியம் பண்ணாதவர்களின் வீடு

அகஸ்ரினுக்கு அந்த வேலை கிடைத்ததே பொய் சொல்லாததால்தான். பெரிய உத்தமர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்லும் அளவுக்கு அவரிடம் அப்போது ஆங்கிலம் இருக்கவில்லை. ஸ்காபரோவில் அவர் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்து மனைவி அருள்மலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. டவுண்ரவுண் பக்கம் ஏதோ ஒரு சேர்ச்சுக்குக் கட்டடம் பார்த்துத் துப்புரவாக்க ஒரு கெயர்ரேக்கர் தேவையாம் என்று யாரோ சொல்ல, கழுத்துச் சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு போனார். உள்ளே போனால் பீடம் இல்லை, சிலுவை இல்லை, சுரூபம் இல்லை, ஒரு மெழுகுதிரிகூட இல்லை. வட்டமாகப் போட்ட கதிரைகள் மட்டும். பிழையான கட்டடத்துக்குள் வந்துவிட்டோம் என்று திரும்பியவரை ஒரு வயதான வெள்ளைக்காரி கூப்பிட்டு உட்காரவைத்தார்.

கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர் வேலை தெரியுமா என்று கேட்டார். "நோ" என்றார் அகஸ்ரின். முன்பு இப்படிப்பட்ட வேலை செய்ததுண்டா? "நோ." குடிப்பதுண்டா? "கொஞ்சம்" என்று விரலால் காட்டினார். திங்கட்கிழமை வந்து தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அருள்மலர் நம்பவில்லை.

"உண்மையைச் சொன்னதுக்கோ வேலை தந்தவை? அப்ப உது என்ன மாதிரி ஆக்கள்?"

குவேக்கர்கள் என்று பெயர். அகஸ்ரின் மன்னார் அடம்பன்காரர், ஆறாம் தலைமுறைக் கத்தோலிக்கர். இப்படி ஒரு கிறிஸ்தவத்தை அவர் கனவிலும் கண்டதில்லை. குருவானவர் கிடையாது. பாட்டு, பூசை, பிரசங்கம் எதுவும் கிடையாது. ஞாயிறு காலை வந்து வட்டமாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் இருப்பார்கள். யாருக்காவது உள்ளே இருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லலாம். வராவிட்டால் அன்று முழுக்க மௌனம்தான். முதல் ஞாயிறு கதவிடுக்கால் பார்த்த அகஸ்ரின், யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பழகப் பழக அது பிடித்துப்போனது. தன் பூசையைச் சனி பின்னேரமே ஸ்காபரோவில் முடித்துக்கொண்டு, ஞாயிறு அவர்களோடு பின்வரிசையில் போய் உட்காரத் தொடங்கினார். இரண்டு பக்கமும் காணிக்கை வைத்தால் கடவுள் கோபிக்கமாட்டார் என்பது அவர் கணக்கு.

மாடியில் ஒரு நூலக அறை இருந்தது. தூசி தட்டப் போன இடத்தில் அகஸ்ரின் அங்கே பிடிபட்டுப்போனார். குவேக்கர்கள் இங்கிலாந்தில் தொடங்கிய காலத்தில் பட்ட பாடுகளை அவர்களே எழுதிவைத்த எழுத்துகளின் மறுபதிப்புகள் ஒரு அலுமாரி நிறைய. மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் வரி பிடித்து, எழுத்துக்கூட்டி வாசிப்பார். அரசன் பெயரால் நடந்த அநியாயங்கள் எல்லாம் அதில் இருந்தன. நீதவான் முன்னால் தொப்பி கழற்றாததற்கு மறியல், அதாவது சிறை. கோவில் வரி கட்டாததற்கு ஒரே ஒரு பசுமாட்டை அவிழ்த்துக்கொண்டு போனது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியைக் கொட்டிவிட்டுப் பானையைப் பறித்தது. கூட்ட வீட்டை இடித்துத் தள்ள, இவர்கள் அடுத்த ஞாயிறும் வந்து கற்குவியல்மேல் மௌனமாக உட்கார்ந்தது. பெரியவர்கள் எல்லோரையும் சிறையில் போட்ட ஊரில் சின்னப்பிள்ளைகள் தாங்களே கூடி உட்கார்ந்திருந்தது. எழுதியவர்கள் ஒருவரும் கூக்குரல் போடவில்லை. இன்ன நாள், இன்ன ஆள், இன்னது பறித்தார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்களில் ஒருவனோடு மட்டும் அகஸ்ரினுக்கு ஒத்துப்போகவே இல்லை. வடக்கே ஒரு சிறு ஊரில் தோலில் கையுறை தைத்து விற்றவன். அரசனுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் பண்ணு, வீட்டுக்குப் போ என்றார்கள். விசுவாசமாகத்தான் இருக்கிறேன், இனியும் இருப்பேன், ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன் என்றான் அவன். சத்தியம் பண்ணினால், பண்ணாத நேரத்தில் நான் சொல்வதெல்லாம் பொய் என்று ஆகிவிடாதா? இதுதான் அவன் கேள்வி. மறியலில் போட்டார்கள். ஆறு மாதத்துக்கொரு தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள், அதே பதில். அவன் உள்ளே இருக்கும்போதே கடைக்குட்டி மகள் காய்ச்சலில் போய்விட்டாள். 'அவளை அடக்கம் பண்ணிய அன்று மழை பெய்ததாகச் சொன்னார்கள். எனக்கு ஜன்னல் இல்லை' என்று எழுதியிருந்தான்.

"மடையா!" என்பார் அகஸ்ரின், தனியே நிலம் துடைக்கும்போது. "ஒரு சொல்லடா. கையை வைச்சு எடுத்தாக் காணும். பிள்ளையை ஒருக்கா தூக்கியிருக்கலாமே!"

வேதசாட்சிகள் அவருக்குப் புதியவர்கள் அல்ல. யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் வெட்டிய மன்னார் வேதசாட்சிகளின் திருநாளுக்குத் தோட்டவெளிக்குப் போய் வளர்ந்தவர்தானே. ஆனால் அவர்கள் பீடத்தில் இருக்கிறவர்கள், கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இந்தக் கையுறைக்காரன் வீடும் பிள்ளையுமாக இருந்த மனிதன். அதுதான் அகஸ்ரினுக்கு ஆத்திரம். அதோடு, அவருடைய சொந்தக் கதை வேறு. அகதி வழக்கு விசாரணையில் வேதப்புத்தகத்தில் கைவைத்து, ஆமி முகாமில் ஒரு தடவை வாங்கிய அடியை இரண்டு தடவை என்று சொன்னவர் அவர். அப்படிச் சொல்லித்தான் கனடா கிடைத்தது, அருள்மலரையும் கூப்பிட முடிந்தது, அஜின்கோர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுக்க முடிந்தது. அதற்காக அவர் ஒரு நாளும் நித்திரை கெட்டதில்லை.

ஊரில் அவருக்கு மிச்சமிருந்தது தங்கச்சி ஜெயமலர் ஒருத்திதான். புருஷன் முன்னமே தவறிவிட்டார். ஒரே மகள் நதீஷா. அடம்பனில் இருந்த இவர்களைச் சண்டை கிளப்பிவிட்டது. மடு, வெள்ளாங்குளம், கிளிநொச்சி, தருமபுரம் என்று ஓடி ஓடி, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சாமானை விட்டுவிட்டு, கடைசியில் கடற்கரை ஓரமாக வலைஞர்மடத்தில் ஒரு தறப்பாளுக்குக் கீழே வந்து நின்றார்கள். முன்னால் கடல், பின்னால் களப்பு. அதற்கப்பால் ஆமி. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பங்குனி மாதம் அது. அங்கே நின்ற ஒரு சுவாமியாரின் சற்றலைற் போனில் எப்போதாவது ஜெயமலரின் குரல் வரும். இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம்.

அந்த மாதக் கடைசியில் வந்த அழைப்பில் அவள் சுகம் விசாரிக்கவில்லை.

"அண்ணை, பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

"ஆர்? ஆமியோ?"

"இல்லை அண்ணை. எங்கட ஆக்கள்." அழுகைக்கு நடுவே சொன்னாள். "சண்டைக்கு ஆள் காணாதாம். கோவில் வளவுக்குள்ள நிண்டவளை இழுத்துக்கொண்டு போட்டினம். நான் காலைப் பிடிச்சனான் அண்ணை."

அகஸ்ரின் அதை அருள்மலரிடம் மட்டும் சொன்னார். அவள் கதவைப் பூட்டிவிட்டு வந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று தணிந்த குரலில் சொன்னாள்: "வெளியில மூச்சு விடாதேங்கோ. இந்த நேரத்தில உதைச் சொன்னால் எங்களை ஒருத்தரும் மனுசராய் மதியாயினம்." அவள் சொன்னதில் பிழை இல்லை. ரொறன்ரோத் தமிழர் அத்தனை பேரும் அப்போது குளிருக்குள் தெருவில் நின்றார்கள். யுனிவர்சிற்றி அவெனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் பச்சைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்று 'சண்டையை நிற்பாட்டு' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அங்கே போய் 'எங்கட ஆக்களும்...' என்று யாரால் வாய் திறக்க முடியும்? அகஸ்ரினும் வேலை முடிந்து போய் நின்றார், கத்தினார். தங்கச்சி சொன்னதை மட்டும் வெளியே விடவில்லை.

அங்கேதான் அன்புராசா அவரைப் பிடித்தான். அஜின்கோர்ட்டில் பலசரக்குக் கடைகளுக்குச் சாமான் இறக்கும் ட்றக் ஓட்டுபவன், முப்பத்தைந்து வயதிருக்கும். தம்பியைப் போராளியாகப் போர்க்களத்தில் கொடுத்தவன். இந்தத் தெருப் போராட்டம் தொடங்கியதில் இருந்து வீட்டுக்கு உடுப்பு மாற்ற மட்டும்தான் போய்வந்தான்.

"அண்ணை, நீங்கள் வேலை செய்யிற இடத்து வெள்ளைக்காரருக்கு ஒட்டாவாவில நல்ல மரியாதையாம். யுத்தம் வேண்டாம் எண்டு நிக்கிற ஆக்களாமே. அவையளிட்ட ஒரு அறிக்கை எடுத்துத் தரேலாதோ? நாங்கள் கத்தினால் புலியள் கத்துது எண்டு சொல்லிப்போட்டுப் போறாங்கள். அவையள் சொன்னால் கேப்பாங்கள்."

அகஸ்ரினின் மனதில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. இந்த மனிதர்கள் அரசர்களுக்கே தொப்பி கழற்றாதவர்கள் அல்லவா! அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஏதாவது அசையாதா? ஒரு நாள் குண்டு விழாமல் இருந்தால், அந்த ஒரு நாளில் ஜெயமலர் வெளியே வந்துவிடமாட்டாளா? மறுநாளே தன்னை வேலைக்கு எடுத்த அந்த அம்மாளிடம் போனார். டொறத்தி என்று பெயர், இப்போது அவர்தான் அந்தச் சபையின் கிளார்க். தலைவர், குருவானவர் என்று இல்லாத இடத்தில் கூட்டம் நடத்துகிறவருக்கு அந்தப் பெயர். அகஸ்ரின் தட்டுத் தடுமாறிச் சொன்னதைக் கேட்டு டொறத்தியின் கண் கலங்கியது. ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு மாதாந்த அலுவல் கூட்டம், உங்கள் நண்பரையும் அழைத்து வாருங்கள் என்றார். அடுத்த தடவை ஜெயமலரின் குரல் வந்தபோது, வெள்ளைக்காரர் எழுதப்போகிறார்கள் என்று அவளிடமும் சொல்லிவைத்தார் அகஸ்ரின்.

இவர்களின் அலுவல் கூட்டம் ஒரு தனி விசித்திரம். வாக்கெடுப்பு என்பதே கிடையாது. நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும் மனம் ஒத்துவரவேண்டும். ஒருத்தருக்கு மனச்சாட்சி இடித்தாலும் எல்லோரும் சேர்ந்து மௌனமாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். வராவிட்டால் அடுத்த மாதம். அப்படியும் வராவிட்டால் அதற்கடுத்த மாதம். கூரைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே ஒரு வருஷம் இழுத்தடித்ததை அகஸ்ரின் தன் கண்ணால் கண்டிருக்கிறார்.

ஆனால் அன்று எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. அன்புராசா எழுந்து நின்று, தன் ஆங்கிலத்தில், அழாமல், அங்கே நடப்பதைச் சொன்னான். ஆஸ்பத்திரிகளில் குண்டு விழுவதைச் சொன்னான். கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மாரைச் சொன்னான். டொறத்தி அங்கேயே எழுதி வாசித்தார்: இலங்கை அரசு உடனே தாக்குதலை நிறுத்தவேண்டும், கனடா அரசு அதை வெளிப்படையாகக் கேட்கவேண்டும். நாளைக்கே அதை ஒட்டாவாவுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் முன்வந்தார். ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். வாசல் கதிரையில் இருந்த அகஸ்ரின் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் வால்ற்றர் எழுந்தார். எண்பத்தைந்து தாண்டிய ஓய்வுபெற்ற வாத்தியார். இரண்டாம் உலகப்போரில் துவக்குத் தூக்கமாட்டேன் என்று சொல்லி, முகாமில் மரம் வெட்டப் போனவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கு இதில் எந்த எதிர்ப்பும் இல்லை. ஆனால் அந்த மக்களை அவர்களுடைய சொந்தப் படையும் வெளியே விடாமல் வைத்திருக்கிறது, பிள்ளைகளைப் பலவந்தமாகச் சேர்க்கிறது என்று வாசித்தேன். அது உண்மையானால், அதை விட்டுவிட்டுச் சொல்வது பாதி உண்மை. எனக்குத் தெரியாது. அகஸ்ரின், உங்கள் குடும்பம் அங்கே இருக்கிறது. உங்களுக்குத் தெரியுமா?"

'நோ' என்றால் போதும். 'எனக்குத் தெரியாது' என்றாலும் போதும். நாளைக்கு ஒட்டாவாவில் கடிதம் இருக்கும். பக்கத்துக் கதிரையில் அன்புராசா நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கனடாவுக்கு வர இரண்டு அடி என்று சொன்ன வாய், தங்கச்சியின் உயிருக்கு ஒரு பொய் சொல்லாதா? சொல்லத்தான் வாயெடுத்தார். யாராவது 'சொல்லுங்கள், சொல்லுங்கள்' என்று அவசரப்படுத்தியிருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பார். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. நாற்பது பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பத் தயாராக இருந்தார்கள். அந்த இடத்தில் பொய் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"யெஸ்," என்றார். பிறகு நிறுத்த முடியவில்லை. "என் தங்கச்சியின் மகளைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆமி இல்லை. எங்கள் ஆட்கள்."

அதோடு போயிற்று. டொறத்தி எழுதியதை வெட்டி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதினார். அன்புராசா எழுந்து, மரியாதையாகத்தான், இதை எங்களால் ஏற்க முடியாது என்றான். அரசாங்கம் சொல்கிற சாட்டுக்கு நீங்களும் கையெழுத்துப் போடுவதாக இது முடியும் என்றான். அந்த விருந்தாளியை நோகடித்து ஒரு அறிக்கை விட எனக்கு மனம் வரவில்லை என்று ஒரு இளம் பெண் அழுதாள். பாதி உண்மைக்கு என்னால் உடன்பட முடியாது என்றார் வால்ற்றர். பிறகு மௌனம். மறுபடியும் பேச்சு. மறுபடியும் மௌனம். கடைசியில் டொறத்தி மெல்லச் சொன்னார்: "நமக்கு இன்னும் தெளிவு வரவில்லை. மே மாதக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம்."

"அவைக்கு ஒரு மாதம் இல்லை!" என்று அகஸ்ரின் தமிழில் கத்திவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். டொறத்தி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தனித்தனியாக எல்லோரும் எழுதுகிறோம், நான் இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். எழுதவும் செய்தார்கள், பாவங்கள். ஆனால் சபையின் பெயரில் தானாக ஒரு வரி அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. முன்னூற்றைம்பது வருஷம் பொறுத்துப் பழகிய சனத்துக்கு ஒரு மாதம் என்பது என்ன! கெட்டவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டவன் யாரிடம் போய் முறையிடுவது?

சப்வே வாசலில் அன்புராசா நின்றான்.

"நீங்கள் சொன்னது பொய் எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. எனக்கும் தெரியும். தெரியாமலோ இருக்கிறன்? ஆனா இப்பவோ உதைச் சொல்லுறது? அங்க சனம் செத்துக்கொண்டிருக்கேக்க?"

"கேட்டவை தம்பி."

"கேட்டால்?" என்றான் அன்புராசா. படியில் இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த நாள் காலையிலேயே செய்தி வந்தது. ஆமி புதுமாத்தளனில் மண் அணையை உடைத்து உள்ளே வந்துவிட்டது. சனம் ஆயிரமாயிரமாகக் களப்பு நீருக்குள்ளால் அந்தப் பக்கம் போகிறது. கொம்பியூட்டரில் வந்த படங்களை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு முகமாகத் தேடினார் அகஸ்ரின். தலையில் பையோடு போகிற பெண்கள் எல்லோரும் ஜெயமலராகத் தெரிந்தார்கள். இரண்டொரு நாள் கழித்து, பொயிலர் அறையில் நின்றபோது போன் அடித்தது.

"அண்ணை, சனமெல்லாம் போட்டுது. நான் இஞ்சால வலைஞர்மடத்திலதான் நிக்கிறன். இண்டைக்கும் கரையால கொஞ்சப்பேர் வெளிக்கிடினம். பக்கத்துக் கொட்டில் ஆக்கள் என்னையும் வரச்சொல்லிக் கூப்பிடினம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போறது? அவள் தேடி வந்தால்? நான் என்ன செய்ய அண்ணை, போகவோ, நிக்கவோ? அங்க ஏதும் செய்யினமோ? கப்பல் வருமெண்டு கதைக்கினம். உங்கட வெள்ளைக்காரர் எழுதுறதெண்டு சொன்னனீங்களே, எழுதினவையோ?"

எழுதவில்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது? உன் பிள்ளையைக் கொண்டுபோனதை நான் சொன்னதால்தான் நின்றுபோனது என்று சொல்வதா? குண்டுச் சத்தம் போனுக்குள்ளேயே கேட்டது. அவளுக்கு ஒரு ஆறுதல் சொல்லவேண்டும் போலிருந்தது. பொயிலர் அறையில் அவரைச் சுற்றிக் கைகட்டிக் காத்திருக்க ஒருவரும் இல்லை. சொல் தானாக வந்தது.

"ஓம், எழுதீட்டினம். ஒட்டாவாவுக்குப் போட்டுது. ஏதோ நடக்கத்தான் போகுது தங்கச்சி. கொஞ்சம் பொறு."

"அப்ப நிக்கிறன் அண்ணை," என்றாள் அவள். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது. "பிள்ளையும் வந்திடுவாள்." லைன் அறுந்துவிட்டது.

அதன்பிறகு அந்தப் போன் அடிக்கவே இல்லை. இவர் அடித்தாலும் எடுக்கவில்லை. சுவாமியார் எங்கே போனார் என்று எவருக்கும் தெரியவில்லை. கூட்டத்தில் அவர் சொன்ன கதை அஜின்கோர்ட்டில் பரவிவிட்டது. கறிக்கடையில் வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். வீட்டுப் போனில் யாரோ ஒருவன் 'துரோகி' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். அருள்மலர் இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோதும் "நான் சொன்னனான்" என்பதுதான் பேச்சு. அவர் போராட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. கார்டினர் நெடுஞ்சாலையைச் சனம் மறித்து உட்கார்ந்த அந்த ஞாயிறும் ஒரு ஓரத்தில் நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் வெறிச்சென்று இருந்தது. நூலக அறைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஏதாவது செய்யவேண்டும் என்று உடம்பு பதறியது. செய்வதற்கு நிலத்தைத் துடைப்பதைத் தவிர ஒன்றுமே இல்லை.

மே மாதக் கூட்டமும் வந்தது, மூன்றாம் ஞாயிறு. துவக்குகளை மௌனிக்கச் செய்கிறோம் என்று இயக்கம் அறிவித்துவிட்டதாகக் காலையிலேயே செய்தி. அருள்மலர் தொலைக்காட்சிக்கு முன்னால் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு இருந்தாள். அகஸ்ரின் வேலைக்குப் போனார். கதிரை போடவேண்டுமே. அன்று சபைக்குத் தெளிவு வந்திருந்தது. ஒரு மாதம் பிரார்த்தித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேய்த்துத் தேய்த்து எழுதிய அறிக்கை. கொன்றவர்களையும் சொல்லியது, தடுத்தவர்களையும் சொல்லியது. பிள்ளைகளைச் சொல்லியது. அவ்வளவு நேர்மையாக அந்தச் சண்டையைப் பற்றி யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். ஒவ்வொருவராக உடன்படுகிறேன் என்றார்கள். வால்ற்றரும் சொன்னார், அந்த இளம் பெண்ணும் சொன்னாள்.

"இது உண்மையாக இருக்கிறதா, அகஸ்ரின்?" என்று டொறத்தி கேட்டார்.

உண்மையாகத்தான் இருந்தது. தலையை ஆட்டினார். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு வால்ற்றர் மட்டும் திரும்பி வந்தார். நான் அன்றைக்கு உங்களிடம் கேட்டிருக்கக்கூடாதோ என்று தெரியவில்லை, ஒவ்வொரு நாளும் அதையே நினைக்கிறேன் என்றார். அகஸ்ரினுக்கு அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. படி வழுக்கும் என்று சொல்லி, கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அடுத்தடுத்த நாளில் சண்டை முடிந்தது என்று கொழும்பில் வெடி கொளுத்தினார்கள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அருள்மலர் பாலப்பத்துக்கு மா கரைத்துக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரில் அழைப்பு வந்தது. செட்டிகுளம் முகாமில் இருந்து. ஒரு கன்னியாஸ்திரியின் போன்.

"மாமா, நான் நதீஷா."

அகஸ்ரின் அந்தப் பெயரைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னார். அருள்மலர் மாக்கையோடு ஓடிவந்து போனில் காதை ஒட்டினாள். அணை உடைந்த அன்றே நதீஷா தப்பிவிட்டாள். அவளைக் காவலுக்கு நிறுத்திய ஆட்கள் சிதறி ஓட, சனத்தோடு சனமாகக் களப்பைக் கடந்து வந்துவிட்டாள். அன்றில் இருந்து முகாமுக்கு வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் தாயைத் தேடியிருக்கிறாள். ஜெயமலர் வரவில்லை. மே மாதம் முள்ளிவாய்க்காலில், ஒரு பங்கருக்குள், செல் விழுந்து முடிந்ததாம். மண் போட்டு மூடியவர்கள் வந்து சொன்னார்கள். அருள்மலர் "ஐயோ மாதாவே" என்று தலையில் அடித்துக்கொண்டாள், முகமெல்லாம் மா.

"மாமா," என்றாள் நதீஷா. அழுது முடித்த குரல். "பக்கத்துக் கொட்டில் ஆக்கள் ஏப்ரலிலேயே வந்திட்டினம். அம்மாவையும் கூப்பிட்டவையாம். அம்மா சொன்னவவாம், கனடாவில இருந்து அண்ணை சொன்னவர், எழுதியாச்சு, கொஞ்சம் பொறு எண்டு. எனக்கெண்டால் நம்பேலாமக் கிடக்கு. அவை தாங்கள் விட்டிட்டு வந்ததுக்குக் கதை சொல்லீனமோ தெரியாது. நீங்கள் அப்பிடிச் சொன்னனீங்களோ?"

அருள்மலர் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். 'இல்லை எண்டு சொல்லுங்கோ' என்று வாயசைத்துக் கெஞ்சினாள். பிள்ளைக்கு இனி இந்த உலகத்தில் மாமாவை விட்டால் யாரும் இல்லை. அந்தப் பக்கம் நதீஷா பேசாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் பிள்ளை," என்றார் அகஸ்ரின். "நான்தான் சொன்னனான். அவையள் எழுதேல்லை."